ஃபுல் த்ராட்டிலில் திணறும் மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

மொரிஷியஸின் பல ஊர்களிலிருந்தும் ரோட்ரிக்ஸிலிருந்தும் வந்த கடிதங்களில், பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்) பெட்ரோல் சரியாக வந்து சேராத சிக்கலை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். முதல் பதில் கொஞ்சம் நீளம். பின்னால் வரும் பதில்கள் அதைத் தொட்டே போவதால் அதை முதலில் படித்துவிடுங்கள்.

வேலையில் இறங்கும் முன் ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் படகின் அடித்தளத்தில் போய்த் தங்கும். ஹோஸ், பம்ப் எதைக் கழற்றினாலும் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். சிகரெட் பக்கத்தில்கூட வரக் கூடாது. கையால் தூக்கக்கூடிய டேங்கைப் படகுக்குள் வைத்து நிரப்பாதீர்கள். வெளியே எடுத்துத் தரையில் வைத்து, பெட்ரோல் குழாயின் மூக்கு டேங்கின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்புங்கள்.

கேள்வி (மாஹேபூர்): என்னிடம் இருப்பது பழைய 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார், 25 லிட்டர் டேங்க். லகூனுக்குள் (கரைக்கும் பவளப் பாறை வரிசைக்கும் இடைப்பட்ட நீர்) மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. பாஸ் (பாறை வரிசையில் படகு போகும் திறப்பு) தாண்டி வெளியே போய் முழு வேகம் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் சக்தி இறங்கி, இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்து, ஹோஸின் நடுவில் உள்ள, கையால் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் இரண்டு தடவை கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்துவிட்டார். மாற்றமே இல்லை. மூன்றாவது தடவையும் செய்யச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கார்புரேட்டரைக் காட்டவில்லை, அதற்கு முன்னால் உள்ள வழியைக் காட்டுகின்றன. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள மிதவைக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். அதை வைத்து எஞ்சின் சற்று நேரம் நன்றாகவே ஓடும். கிண்ணம் காலியாகும் வேகத்துக்குப் பின்னாலிருந்து பெட்ரோல் வராதபோது சக்தி இறங்குகிறது. நீங்கள் காத்திருந்து பல்பை அமுக்கும்போது கிண்ணம் மறுபடி நிறைகிறது. அவ்வளவுதான் நடப்பது.

மெதுவாகப் போகும்போது ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் குடிக்கும் பெட்ரோலை, குதிரைத்திறனைப் பத்தால் வகுத்து அமெரிக்க காலனில் சொல்வது வழக்கம். 40 குதிரைத்திறனுக்கு மணிக்கு 4 காலன், அதாவது சுமார் 15 லிட்டர். நிமிடத்துக்கு 250 மில்லி. நிதான ஓட்டத்தில் இதில் ஒரு சிறு பங்குதான் தேவை. ஆகவே பாதி அடைத்த வழிகூட லகூனுக்குள் போதுமானதாக இருக்கும். பாஸ் தாண்டிய பிறகுதான் போதாமல் போகும். கரையில் பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று மெக்கானிக் சொல்வதும் இதனால்தான்.

முதலில் இது பெட்ரோல் சிக்கல்தானா என்று உறுதி செய்யுங்கள். மின்பொறி அறுந்தால் சாவியைத் திருப்பியது போலச் சட்டென்று நிற்கும். பெட்ரோல் போதாவிட்டால் இழுக்கும், தும்மும், ஏறி இறங்கும், பிறகு நிற்கும். உங்களுடையது இரண்டாவது வகை.

அடுத்து, லகூனுக்குள்ளேயே ஆழமான பகுதியில், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய் முழு வேகத்தில் ஓட்டுங்கள். இந்தச் சோதனையைப் பாஸில் செய்யவே கூடாது. சக்தி இறங்கத் தொடங்கிய நொடியில் த்ராட்டிலை (வேகப் பிடி) குறைக்காமல் அவரை ரப்பர் பல்பை விடாமல் அமுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் உடனே எழுந்தால் குறை டேங்க் முதல் பெட்ரோல் பம்ப் வரையுள்ள வழியில் எங்கோ இருக்கிறது. பல்பை அமுக்கியும் எழாமல், சோக்கை (காற்றைக் குறைக்கும் பிடி) சற்று இழுத்தால் எழுகிறது என்றால் கார்புரேட்டரின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைப்பு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பெட்ரோலை விட்டுவிட்டு பிளக், காயில் பக்கம் போங்கள். கடிதத்தைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகையாகத்தான் தெரிகிறது.

அதே ஓட்டத்தில் பல்பின் வடிவத்தையும் பார்த்துவிடுங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. இதில்தான் பாதி விடை இருக்கிறது. பல்ப் உள்வாங்கிச் சப்பையாகியிருந்தால் பம்ப் நன்றாக உறிஞ்சுகிறது, பல்புக்குப் பின்னால் டேங்க் பக்கம் அடைப்பு. பல்ப் உப்பியபடியே, ஆனால் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று உள்ளே வருகிறது, அல்லது பம்ப் தளர்ந்துவிட்டது.

சப்பையாகியிருந்தால் முதல் சந்தேகம் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தாலோ, உப்புப் பூத்து அடைத்திருந்தாலோ, பெட்ரோல் வெளியேறும் இடத்துக்குக் காற்று வராமல் டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். மூடியையே தளர்த்திவிட்டு ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கள். சிக்கல் மறைந்தால் மூடியைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போட்டு, துளையைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

அதிலும் தீராவிட்டால் எதையும் கழற்றாமல், நன்றாக ஓடும் ஒரு படகிலிருந்து டேங்க், ஹோஸ், பல்ப் மூன்றையும் சேர்த்து இரவல் வாங்கி மாட்டி ஓட்டுங்கள். கனெக்டர் ஒத்துப்போக வேண்டும்; யமஹாவின் கனெக்டர் மெர்குரிக்குப் பொருந்தாது. இரவல் டேங்கில் ஓடினால் எஞ்சின் மேல் பழியில்லை. ஓடாவிட்டால் உங்கள் டேங்கும் ஹோஸும் நல்லவை. ஒரே ஓட்டத்தில் சிக்கல் இரண்டாகப் பிரிந்துவிடும். பணம் கொடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதைத்தான்.

டேங்க் பக்கம் என்று தெரிந்தால், உறிஞ்சு குழாயை வெளியே எடுங்கள். அதன் நுனியில் சிறு வலைச் சல்லடை இருக்கும். துரு, பெயிண்ட் துகள், பழைய பெட்ரோலின் பிசின் எல்லாம் அங்கேதான் சேரும். படகோடு பொருத்திய நிலையான டேங்காக இருந்தால், வெளியேறும் இணைப்பில் பந்தும் ஸ்பிரிங்கும் கொண்ட ஒரு வால்வு இருக்கலாம். ஹோஸ் அறுந்தால் பெட்ரோல் தானாக வழிந்து படகுக்குள் இறங்காமல் தடுக்க அது வைக்கப்பட்டிருக்கிறது. அது இறுகினால் ஃபுல் த்ராட்டிலில் இதே கதைதான். சுத்தம் செய்யுங்கள் அல்லது புதிது போடுங்கள். தொல்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பிறகு ஹோஸ். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸின் உள்தோல் பிரிந்து, உறிஞ்சும்போது நாக்குப் போல மடங்கி வழியை அடைக்கும். ஊதிப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் ஊதும்போது அது விரிந்து வழிவிடும். சந்தேகம் இருந்தால் இரு முனையிலும் விரலளவு துண்டு வெட்டி உள்ளே பாருங்கள். தோல் சுருங்கியோ, விரலில் கருப்பாக ஒட்டியோ வந்தால் முழு ஹோஸையும் மாற்றுங்கள்.

எஞ்சின் பக்கம் என்று தெரிந்தால், எஞ்சின் மூடிக்குள் இருக்கும் சிறு ஃபில்டர் கிண்ணத்தை முதலில் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் மிச்சம் பம்ப்தான். டூ ஸ்ட்ரோக் மோட்டாரின் பம்புக்குத் தனி மோட்டார் கிடையாது. கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது மாறி மாறி உண்டாகும் அழுத்தமும் வெற்றிடமும் ஒரு சிறு துளை வழியாக வந்து ரப்பர் டயாஃப்ரத்தை (மெல்லிய சவ்வு) அசைக்கின்றன. டயாஃப்ரம் வருடக்கணக்கில் பெட்ரோலில் ஊறி விறைத்துவிட்டால் அசைவு குறையும். உள்ளே இருக்கும் மெல்லிய நாக்கு வால்வுகள் சுருண்டுவிட்டால் முன்னே தள்ளிய பெட்ரோல் பின்னால் திரும்பும். இரண்டுமே மெதுவான வேகத்தில் தெரியாது. பம்பைக் கழற்றும் முன் அடுக்குகளின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திருப்பி அடுக்கும்போது தப்பாது. டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை, தொய்வு, விறைப்பு எது இருந்தாலும் ரிப்பேர் கிட் வாங்கி டயாஃப்ரம், வால்வு, கேஸ்கெட் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது வீண் வேலை. கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கான் பசை தடவாதீர்கள். பெட்ரோலில் அது உப்பிப் பிய்ந்து, துண்டு துண்டாகப் போய் ஜெட்டை அடைக்கும்.

பட்டறையில் வெற்றிட மானி இருந்தால் வேலை இன்னும் சுலபம். பம்புக்குச் சற்று முன்னால் டி இணைப்பில் மானியை மாட்டி முழு வேகத்தில் ஓட்டும்போது, 4 அங்குல பாதரசத்துக்கு மேல் காட்டினால் டேங்க் பக்கம் தடை இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் எஞ்சினின் கையேடு அதைவிடக் குறைந்த எல்லை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பலமுறை சொன்னாலும் தகும். "முழு வேகம் வராவிட்டால் பரவாயில்லை, கொஞ்சம் குறைத்து ஓட்டிக்கொள்கிறேன்" என்று இதை வைத்துக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஓட்டும் மோட்டாரில், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. கலவை மெலிந்து பிஸ்டன் தலை சூடேறும்; எண்ணெயும் போதாமல் சிலிண்டர் சுவர் கீறும். சில மில்லிமீட்டர் ரப்பரில் முடிய வேண்டிய செலவு புது பிஸ்டனும் சிலிண்டர் துளைப்பும் வரை போய்விடும்.

கேள்வி (கிராண்ட் கோப்): ரப்பர் பல்பை எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாவதே இல்லை. புது பல்ப் போட்டும் அப்படியேதான்.

பதில்: பல்பின் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். புது பல்பைத் தலைகீழாக மாட்டுவது அடிக்கடி நடப்பதுதான். சரியாக இருந்தால், பல்பைப் படுக்கையாகப் பிடிக்காமல் அம்பு மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள். உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளும் அந்த நிலையில்தான் சரியாக உட்காரும்.

அப்படியும் கெட்டியாகாவிட்டால், எஞ்சின் பக்கத்து கனெக்டரைப் பிடுங்கிவிட்டு அமுக்குங்கள். பிடுங்கினால் ஹோஸ் முனை தானாக மூடிக்கொள்ளும். இப்போது பல்ப் கெட்டியாகி அப்படியே நின்றால் டேங்கும் ஹோஸும் நல்லவை, குறை எஞ்சினுக்குள். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் வழியை மூடும் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கும்; கார்புரேட்டர் வாயிலோ எஞ்சின் தட்டிலோ ஈரம் தெரியும். மூடிய நிலையிலும் கெட்டியாகாமலோ, கெட்டியாகிப் பின் மெல்லத் தளர்ந்தாலோ, பல்பின் உள்வால்வு பின்னால் விடுகிறது அல்லது வழியில் ஒழுகல் இருக்கிறது. புது பல்ப் என்பதற்காக அதைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடாதீர்கள். மலிவான பல்புகளில் வால்வு முதல் நாளிலிருந்தே சரியில்லாமல் வருவதுண்டு.

வெளியே ஒரு துளி ஈரமும் இல்லையே என்பீர்கள். உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ஓட்டை பெட்ரோலை வெளியே விடாது, காற்றை உள்ளே இழுக்கும். கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங் விறைத்துப்போவதுதான் இதில் முதல் குற்றவாளி. அதை மாற்றிவிட்டு மறுவேலை பாருங்கள். இன்னும் பிடிபடாவிட்டால் எஞ்சின் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற ஹோஸ் மாட்டி ஓட்டுங்கள். குமிழ்கள் வரிசையாக ஓடினால் காற்று வருவது உறுதி. டேங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாக இறுக்கிக்கொண்டே வாருங்கள், எதை இறுக்கும்போது குமிழ் நிற்கிறதோ அதுதான் ஓட்டை. சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் பெட்ரோலில் விறைத்து வெடிக்கும், நிரந்தரமாக வைக்கத் தகாது.

கேள்வி (த்ரூ தோ தூஸ்): டேங்க் நிறைந்திருந்தால் நன்றாக ஓடுகிறது. பாதிக்குக் கீழே இறங்கியதும் திணறுகிறது. பெட்ரோல் தரமா?

பதில்: இல்லை. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் பாதி உயரத்தில் வெடிப்பு இருக்கிறது, அல்லது குழாய் அதன் தலைப்பகுதியிலிருந்து தளர்ந்துவிட்டது. பெட்ரோல் மட்டம் வெடிப்புக்கு மேலே இருக்கும்வரை பெட்ரோல். கீழே இறங்கினால் காற்று. குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை விரலால் மூடி, மறு முனையில் ஊதித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். மூக்கு உயர்ந்து ஓடும் படகில் டேங்கைத் திருப்பி வைத்திருந்தாலும் இப்படி ஆகும். உறிஞ்சு குழாயின் நுனி படகின் பின்புறம் பார்த்து இருக்க வேண்டும்.

கேள்வி (தாமரின்): தீபாவளியோடு படகைக் கரையேற்றினேன். தைப்பூசக் காவடி முடிந்து, புயல் பருவமும் ஓய்ந்து, மே மாதம்தான் இறக்கினேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சோக் போட்டால்தான் ஓடுகிறது. சோக்கை விட்டால் அணைந்துவிடுகிறது. டேங்கில் பழைய பெட்ரோல் பத்து லிட்டர் இருக்கிறது. புதிதோடு கலந்து தீர்த்துவிடலாமா?

பதில்: ஆறு மாதப் பெட்ரோலை அந்த மோட்டாரில் ஊற்றாதீர்கள். நம் ஊர்க் கோடை வெப்பத்தில் மூன்று மாதத்துக்குள்ளேயே அதன் இலகுவான பகுதிகள் ஆவியாகிவிடும், மிஞ்சியது மெல்ல மெல்லப் பிசினாகும். வார்னிஷ் போல வாசனை அடித்தால் சந்தேகமே வேண்டாம். கடலிலோ வடிகாலிலோ கொட்டாமல், பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.

சோக்கில் மட்டும் ஓடுகிறது என்றால் நிதான ஓட்ட ஜெட் அடைத்துவிட்டது. கார்புரேட்டரில் மிகச் சிறிய துளை அதுதான், பிசின் முதலில் அதைத்தான் பிடிக்கும். பெட்ரோலில் கலக்கும் சுத்திகரிப்புத் திரவங்கள் இந்த அளவு அடைப்பை எடுக்கும் என்று நம்பி வாரங்களை வீணாக்காதீர்கள். கழற்றுவதுதான் வழி.

கிண்ணத்தின் அடியில் உள்ள வடிதிருகைத் திறந்து, வரும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் உருண்டைகளோ, வெள்ளை மாவு போன்ற அலுமினிய அரிப்போ இருந்தால் உப்பு நீரும் உள்ளே போயிருக்கிறது. கார்புரேட்டரை இறக்கியதும் நிதான ஓட்டக் கலவைத் திருகை உடனே கழற்றாதீர்கள். மெதுவாக உள்ளே திருகி, அது லேசாக உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு பிறகு கழற்றுங்கள். அழுத்தித் திருகினால் ஊசி முனை வரிவிழும். குறித்துவைக்க மறந்தவர்கள் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கி, கையேட்டைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களையும் மிதவையையும் தனியே எடுத்துவிட்டு, உலோக உடலையும் ஜெட்களையும் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவையுங்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் கிளீனரைப் பீய்ச்சி, மறு பக்கம் தாரையாக வெளியே வருகிறதா என்று பார்த்து, அழுத்தக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியோ துளைப்பான் முனையோ ஜெட்டுக்குள் போகக் கூடாது. ஜெட்டின் துளை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அளந்து செய்தது, கீறினால் கலவை மாறிவிடும். கட்டாயம் ஏதாவது நுழைத்தே ஆக வேண்டும் என்றால் மின் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ஊசி வால்வின் ரப்பர் முனையில் வளையம் போலத் தழும்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளத்தால் ஓட்டை. மிதவை உயரத்தைக் கையேட்டில் உள்ளபடி அளந்து வைத்த பிறகே மூடுங்கள்.

அடுத்த நவம்பரில் கரையேற்றும் முன், ஹோஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைத் தண்ணீரில் ஓடவிட்டுத் தானாக அணையவிடுங்கள். பிறகு வடிதிருகையும் திறந்துவிடுங்கள். ஓடி அணைந்த பிறகும் கிண்ணத்தின் அடியில் சற்று மிஞ்சியிருக்கும், அந்த மிச்சம்தான் பிசினாகி ஜெட்டை மூடுகிறது.

கேள்வி (போர்ட் மாத்யுரின், ரோட்ரிக்ஸ்): பெட்ரோலில் தண்ணீர் சேர்கிறது. கடையில் வாங்கும்போதே இருக்கிறதா, படகில் சேர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். வாங்கிய கேனிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் அரை லிட்டர், படகு டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சி இன்னொன்றில் அரை லிட்டர். கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனிப் படலமாகப் பிரிந்துவிடும். முதல் குப்பி தெளிவாக இருந்து இரண்டாவதில் படலம் தெரிந்தால் கடைமேல் குறையில்லை. மூடியின் ரப்பர் வளையம், காற்றுத் திருகு, நிலையான டேங்கின் காற்றுக் குழாய் வாய் ஆகிய மூன்றும்தான் அலைத்தெறிப்பும் மழையும் நுழையும் வழிகள். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிர்ச்சியில் நீர் வியர்ப்பதும் உண்டு. நிலையான டேங்கை நிறைத்து வைப்பது நல்லது. வெயிலில் விரிய இடம் வேண்டுமென்பதால் கழுத்துவரை வேண்டாம்.

நீங்கள் இருக்கும் இடத்தில் உதிரிப் பாகம் வரக் காத்திருக்க வேண்டியிருப்பதால், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போட்டுக்கொள்வது மிகவும் பயன்தரும். 10 மைக்ரான், திருகி மாட்டும் வகை. டேங்குக்கும் ரப்பர் பல்புக்கும் நடுவில், கை எட்டும் உயரத்தில், செங்குத்தாகப் பொருத்துங்கள். அடியில் தெளிவான கிண்ணம் உள்ளதாக வாங்கினால் தண்ணீர் சேர்வது கண்ணுக்குத் தெரியும். 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை ஃபில்டரை மாற்றுங்கள். புதிதின் ரப்பர் வளையத்தில் சற்று எண்ணெய் தடவிக் கையால் மட்டும் இறுக்குங்கள். வளையம் சரியாக உட்காராவிட்டால் இந்த ஃபில்டரே காற்று உறிஞ்சும் இடமாகிவிடும். பிறகு தேடாத இடமெல்லாம் தேடுவீர்கள்.

கேள்வி (போர்ட் லூயிஸ்): எஞ்சினுக்கு நல்லது என்று எண்ணெயைக் கொஞ்சம் கூடவே ஊற்றுகிறேன். தவறா?

பதில்: தவறுதான். 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்) என்று சொன்ன மோட்டாருக்கு லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் டேங்குக்கு 500 மில்லி. எண்ணெய் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கு குறைகிறது. பிளக் கருத்து ஈரமாகும், நிதான ஓட்டம் தடுமாறும். புது எஞ்சினையோ, பிஸ்டன் மாற்றிய எஞ்சினையோ பழக்கும் காலத்தில் மட்டும் 25-க்கு 1 என்று பல கையேடுகள் சொல்கின்றன. உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்ற அவுட்போர்டு எண்ணெய்த் தரக்குறி இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான டூ ஸ்ட்ரோக் எண்ணெய் அதைவிடச் சூடாக ஓடும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது, அவுட்போர்டில் கரி சேர்க்கும். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு எண்ணெய், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல் என்ற வரிசையில் ஊற்றினால் எண்ணெய் அடியில் தங்காது.

கேள்வி (ஃபிளிக் ஆன் ஃப்ளாக்): இரண்டு சிலிண்டரில் ஒன்றின் பிளக் மட்டும் எப்போதும் ஈரம், புகையும் அதிகம். மின்பொறி இரண்டிலும் நன்றாக இருக்கிறது.

பதில்: பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தில் ஊசித்துளை. அழுத்தம் எடுக்கும் துளை எந்தச் சிலிண்டரின் கிராங்க் அறையில் இருக்கிறதோ அதற்குள் பெட்ரோல் நேரே போகிறது. முதல் பதிலில் சொன்ன கிட்டைப் போடுங்கள்.

கேள்வி (லெ மோர்ன்): வெயிலில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரைமணி மீன் பிடித்தால், பிறகு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. காலையில் ஒரே இழுப்பில் வருகிறது.

பதில்: வெயிலில் டேங்க் சூடேறி உள்ளே அழுத்தம் கூடுகிறது. காற்றுத் திருகு மூடியிருந்தால் அந்த அழுத்தம் பெட்ரோலை ஊசி வால்வையும் தாண்டித் தள்ளி, எஞ்சினை மூழ்கடித்துவிடும். நிறுத்தியதும் எஞ்சின் பக்கத்து கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள், டேங்கை நிழலில் வையுங்கள், ஈரச் சாக்குப் போட்டாலும் போதும்.

மூழ்கிய எஞ்சினைக் கிளப்ப, ஹோஸைப் பிடுங்கியபடியே, சோக் இல்லாமல், நியூட்ரலில் எவ்வளவு த்ராட்டில் திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து இழுங்கள். பிடித்துக்கொண்டதும் த்ராட்டிலை இறக்கி ஹோஸை மாட்டுங்கள். அதிலும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். பெட்ரோல் வாசனையே இல்லாமல், பிளக் காய்ந்திருந்தால் இது நேர்மாறான சிக்கல்: சூட்டில் வழியிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பல்பைக் கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு இழுங்கள்.

கேள்வி (குவாத்ர் போர்ன்): பழைய ஜான்சன் மோட்டார் வாங்கியிருக்கிறேன். எண்ணெயைத் தானே கலக்கும் வி.ஆர்.ஓ. அமைப்பு உள்ளது. அதை நம்பலாமா, கையால் கலக்கும் முறைக்கு மாற்றலாமா?

பதில்: 1984-இல் வந்த அமைப்பு அது. ஒரே பம்ப் பெட்ரோலையும் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளும். ஆகவே பெட்ரோல் வழியில் காற்று புகுந்தால் கலவையின் விகிதமும் கெடும். பம்பின் வயது தெரியாமல் வாங்கிய எஞ்சினில் 50-க்கு 1 கையால் கலந்து ஓட்டுவதே எங்கள் பரிந்துரை. எண்ணெய்க் குழாயைப் பம்பிலிருந்து எடுத்து, பம்பின் எண்ணெய் வாயைக் கசியாதபடி மூடுங்கள். எண்ணெய் எச்சரிக்கைக்கான இணைப்பை மட்டும் விலக்குங்கள். எஞ்சின் சூடேறினால் ஒலிக்கும் எச்சரிக்கை வயரில் கை வைக்காதீர்கள். அந்த எஞ்சினைச் செய்த ஓ.எம்.சி. நிறுவனம் 2000-இன் இறுதியில் திவாலாகிவிட்டது. ஆகவே பம்ப் கிட் கிடைக்கும்போதே ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

கேள்வி (மாஹேபூர், வேறொரு வாசகர்): வெளிக்கடலில் மீன்களைக் கவர நிறுத்திய மிதவைகளுக்குப் போகிறவர்கள் பெட்ரோல் வழிக்கென்று என்னென்ன உதிரி வைத்திருக்க வேண்டும்?

பதில்: இரண்டு முனையிலும் கனெக்டர், நடுவில் பல்ப் எல்லாம் மாட்டித் தயாராக இருக்கும் ஒரு முழு ஹோஸ். அலையில் ஆடும் படகில் கிளிப் இறுக்கிக்கொண்டிருக்க முடியாது. பிடுங்கி மாட்டுவதுதான் நடக்கும். உள்விட்டம் எஞ்சின் நுழைவாயில் அளவுக்கே இருக்கட்டும். இந்த அளவு மோட்டார்களில் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் ஹோஸைப் போட்டால் நீங்களே ஒரு அடைப்பை வாங்கிக் கொடுத்தது போல. ஹோஸின் மேல் கடல் எரிபொருளுக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும். கிளிப் துருப்பிடிக்காத எஃகில், விளிம்பு மழுங்கியதாக.

அதோடு எஞ்சின் ஃபில்டர் ஒன்று, கனெக்டர் ஓ-ரிங் இரண்டு, பம்ப் கிட் ஒன்று, பிளக் ஒரு ஜோடி, பிளக் ஸ்பேனர், மூடியும் காற்றுத் திருகும் சரியாக உள்ள சிறு டேங்கில் கலந்த பெட்ரோல் 5 லிட்டர். அந்த 5 லிட்டரை மாதம் ஒரு முறை பெரிய டேங்கில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

உதிரி எவ்வளவு இருந்தாலும் பாஸில் எஞ்சின் நின்றால் அதை மாட்ட நேரம் கிடைக்காது, தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சொல்லவே வேண்டாம். பாஸுக்குள் நுழையும் முன் நங்கூரமும் கயிறும் முன்தளத்தில் சிக்கலில்லாமல் சுருட்டி, கயிற்றின் மறுமுனை கட்டிய நிலையில் இருக்கட்டும். எஞ்சின் அணைந்தால் முதலில் நங்கூரம், அடுத்து வி.ஹெச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில் கடலோரக் காவல்படைக்குத் தகவல், அதன் பிறகே பல்ப். திரும்பி வரும்போதும் டேங்க் மாற்ற வேண்டியிருந்தால் பாறை வரிசைக்கு வெளியே, ஆழமான நீரில் மாற்றி, ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.